6/6 வந்திருச்சாம்… ராத்திரி எட்டு மணிக்கு வந்து பாருங்க!

"பழகிடும்."

கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுலேருந்து இந்த ஒரு வார்த்தையை எங்கிட்ட சொல்லாத ஆளே இல்ல. ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னாரு. பவர் பாக்குற பொண்ணு சொன்னா. மருந்துக்கடைத் தம்பி சொன்னான். புரையே வராத எங்க நாத்தனார்கூட சொல்லிட்டாங்க. (அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்காதீங்க. நாத்தனார். அவ்ளோதான்.)

எது பழகிடும்? எத்தனை நாள்ல? பழகலைன்னா என்ன செய்யணும்? இதைக் கேட்டா மட்டும் எல்லாரும் செல்போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க. அந்தக் கடுப்புலதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். டீ வேணும்னா இப்பவே போட்டுட்டு வந்துடுங்க.

கதை இதுதான். வலது கண்ணுல புரை முத்திப்போச்சு, எடுக்கணும்னு சொன்னாங்க. எடுத்தாச்சு. அந்த இடத்துல மல்டிஃபோகல் லென்ஸ் வெச்சாச்சு. ஆபரேஷன்ல எந்தக் குறையும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். மூணு மில்லிமீட்டருக்கும் கம்மியா ஒரு வெட்டு, அது வழியா அல்ட்ராசவுண்டுல புரையை உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு, சுருட்டின லென்ஸை உள்ள விட்டு விரியவைக்கிறாங்க. தையல் கிடையாது. வலி கிடையாது. உள்ள பாட்டுகூடப் போட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டுத் தூங்கிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி நடந்ததுதான் முக்கியம். கண்ணாஸ்பத்திரிக்குப் போனவங்களுக்குத் தெரியும். டாக்டர் பாத்து முடிச்சதும் "கவுன்சிலிங் போயிட்டு வாங்க"ன்னு ஒரு சின்ன ரூமுக்கு அனுப்புவாங்க. அங்க ஒரு பொண்ணு, சிரிச்ச முகம், கையில லேமினேட் பண்ண அட்டை. இந்திய லென்ஸ், வெளிநாட்டு லென்ஸ், மோனோஃபோகல், டோரிக், ஈடாஃப், மல்டிஃபோகல், டிரைஃபோகல். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துல விலை. கீழ போகப் போக அது ஏறுது. கடைசிக் கட்டத்துல இருந்த தொகைக்கு என் முதல் ஸ்கூட்டி ரெண்டு வாங்கியிருக்கலாம். இன்சூரன்ஸ் சாதாரண லென்ஸுக்கு உண்டான தொகையோட நின்னுக்கும், மிச்சம் கைக்காசு.

அந்தப் பொண்ணு அட்டையில மல்டிஃபோகல் கட்டத்து மேல விரலை வெச்சுது.

"ஆன்ட்டி, இது வெச்சுக்கிட்டா கண்ணாடியே வேண்டாம்."

கண்ணாடியே வேண்டாம்! பத்தாங்கிளாஸ்லேருந்து கண்ணாடி போட்டவகிட்ட இதைச் சொன்னா என்ன ஆகும்? மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, கல்யாண போட்டோவுல மட்டும் கழட்டி வெச்சுட்டு யாரு எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னே தெரியாம சிரிச்சவ நான். மழையில நனைஞ்ச கண்ணாடி, சாதம் வடிக்கிறப்போ ஆவி புடிச்ச கண்ணாடி, எங்க வெச்சேன்னு தேடுறதுக்கே இன்னொரு கண்ணாடி… சொன்னாப் புரியாது, போட்டவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ரூம்ல நல்லதெல்லாம் சொன்னாங்க. "ராத்திரியில லைட்டைச் சுத்தி லேசா வளையம் தெரியலாம்"னும் ஒரு வரி வந்துச்சு. வந்த வேகத்துலயே போயிடுச்சு.

அந்த "லேசா"வைப் பத்தித்தான் இந்தப் பதிவு!

முதல்ல நல்லதைச் சொல்றேன், இல்லைன்னா பாவம். கட்டைப் பிரிச்ச காலையில நான் பாத்த முதல் சமாச்சாரம் எங்க வீட்டுக்காரரோட வேட்டி. அவ்வளவு வெள்ளை! இடது கண்ணை மூடிப் பாத்தா நீலம் முக்கின வெள்ளை. வலது கண்ணை மூடிப் பாத்தா பழுப்பு. (இத்தனை வருஷம் அந்தப் பழுப்புக்குத்தான் சோப்பு மாத்தி சோப்பு மாத்தித் துவைச்சிருக்கேன்.) புரை வந்த லென்ஸ் மஞ்சளாகி நீல வெளிச்சத்தைத் தடுத்துடுமாம். ஓவியர் மோனேவுக்கு 1923-ல புரை எடுத்தப்போ, நிறமெல்லாம் ஒரேயடியா மாறிப்போச்சுன்னு மனுஷன் ரொம்பவே அல்லாடியிருக்காரு. அவருக்குக் கேன்வாஸ், எனக்கு வேட்டி.

அப்புறம் பேப்பர். கண்ணாடி இல்லாம தினசரியைப் படிச்சேன். மாத்திரை அட்டையில எக்ஸ்பைரி தேதியைப் படிச்சேன். பக்கத்துல உள்ளதும் தெரியுது, தெருமுனையில வர்ற பஸ்ஸோட நம்பரும் தெரியுது. போன் பண்ணி மககிட்ட அழுதுட்டேன்.

ராத்திரியில வண்டி எடுக்குற வரைக்கும்தான் அந்த சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழிச்சு, வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம், ஒரு ராத்திரி ஸ்ரீரங்கத்துலேருந்து காவிரிப் பாலம் வழியா ஸ்கூட்டியில வர்றேன். எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டி விளக்கையும் சுத்தி ஒரு பெரிய வளையம். அதுக்குள்ள இன்னொரு வளையம். வளையத்துலேருந்து சிலந்திவலை கணக்கா கோடு கோடாக் கிளம்புது. சாமி சிலைக்குப் பின்னாடி திருவாசி இருக்கும் பாருங்க, அதே மாதிரி லாரிக்கு ஒண்ணு, ஷேர் ஆட்டோவுக்கு ஒண்ணு, டாஸ்மாக் போயிட்டு வர்ற பைக்காரனுக்கும் ஒண்ணு! சாமிக்குத் திருவாசி சரி. டிப்பர் லாரிக்கு எதுக்கு?

சிரிக்கிறதுக்கு நல்லா இருக்கு. ஓட்டுறப்போ இல்ல. எதிர் வண்டிக்கும் நமக்கும் நடுவுல சைக்கிள்ல ஒருத்தர் வந்தா, அந்த வளையத்துக்குள்ள அவரு காணாமப் போயிடுறாரு. இப்ப வர்ற எல்இடி ஹெட்லைட்டைப் பத்திக் கேட்கவே வேணாம். நம்ம ஊருல ஹை பீமை இறக்குறதை கௌரவக் குறைச்சலா நினைக்கிறவங்கதானே பாதிப் பேரு.

ஏன் இப்படின்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும். முப்பது வருஷத்துக்கு மேல சயின்ஸ் டீச்சர், "பழகிடும்"ங்கிற பதிலுக்கு மார்க் போட்டதே இல்ல. தேடிப் படிச்சு, ரெண்டாவதா ஒரு டாக்டர்கிட்ட உக்காந்து கேட்டுப் புரிஞ்சுக்கிட்டது இது.

நம்ம சொந்த லென்ஸ் சின்ன வயசுல தேவைக்குத் தகுந்த மாதிரி உருண்டு தட்டையாகும். நாப்பதைத் தாண்டினா விறைச்சுப்போயிடும், அதான் வெள்ளெழுத்து. ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸ் அந்த மாதிரி அசையாது. நடுப்பகுதி வெறும் ஆறு மில்லிமீட்டர் அகலம், போட்ட இடத்துல போட்டபடி கிடக்கும். அப்போ தூரமும் கிட்டயும் ரெண்டும் எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு தந்திரம். லென்ஸ் மேல வட்ட வட்டமா, மைக்ரான் கணக்குல உயரம் உள்ள படிகளைச் செதுக்கியிருப்பாங்க. உள்ள வர்ற வெளிச்சத்தை அந்தப் படிகள் பங்கு பிரிக்கும். ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு கிட்டத்துக்கு. டிரைஃபோகல்னா நடுவுல கம்ப்யூட்டர் தூரத்துக்கும் ஒரு பங்கு.

கவனிங்க, பங்குதான் பிரிக்குது. புதுசா வெளிச்சத்தை உண்டாக்கல. ஆரம்பத்துல வந்த ரெண்டு பங்கு லென்ஸ்கள்ல தூரத்துக்கு 41 சதவீதம், கிட்டத்துக்கு 41 சதவீதம், மிச்சம் 18 சதவீதம் யாருக்கும் உபயோகமில்லாம சிதறிப்போயிடும். இப்ப வர்றதுல அந்தச் சேதாரம் குறைஞ்சிருக்கு. ஆனா பங்கு பங்குதான்.

இப்ப தூரத்துல ஒரு தெருவிளக்கைப் பாக்குறோம்னு வைங்க. தூரத்துப் பங்கு அதை விழித்திரையில அழகா ஒரு புள்ளியா விழவைக்கும். அதே விளக்கோட வெளிச்சம் கிட்டத்துப் பங்கு வழியாவும் உள்ள வருதே, அது எங்க போகும்? ஃபோகஸ் ஆகாம, அந்தப் புள்ளியைச் சுத்தி ஒரு வட்டமாப் பரவி விழும். அதுதான் வளையம். பகல்லயும் அது இருக்கு. சுத்தி வெளிச்சமா இருக்குறதால எடுபடாது, கண்ணுப் பாப்பாவும் சுருங்கி இருக்கும். ராத்திரியில சுத்தி இருட்டு, பாப்பா பெருசா விரியும், விளக்கு மட்டும் பளிச்சுன்னு. அப்புறம் கேட்கணுமா.

ஆகமொத்தம் என் லென்ஸ் கெட்டுப்போகல, அதோட வேலையைத்தான் செய்யுது. இந்த வளையம் ஒரு கோளாறுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன், அது விலையில ஒரு பகுதி! கண்ணாடியைக் கழட்டுறதுக்குப் பணமும் குடுத்தேன், ராத்திரியில கொஞ்சத்தையும் குடுத்திருக்கேன். பணத்துக்கு மட்டும் ரசீது வந்துச்சு.

அடுத்த கடுப்பு, அந்த 6/6.

செக்கப்புக்குப் போய் வளையம், மங்கல்னு சொல்ல ஆரம்பிச்சா, சார்ட்டைக் காட்டுவாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சிடுவேன். "மேடம், 6/6. கிட்டப்பார்வை என்6. சூப்பர் ரிசல்ட்." அவங்க சிரிப்பாங்க. நானும் பதிலுக்குச் சிரிச்சுட்டு வெளிய வந்து, ஆஸ்பத்திரி வாசல் படியில தடுமாறுவேன். சிமெண்டு படி, சிமெண்டு தரை. எது படி எது தரைன்னு சாயங்கால வெளிச்சத்துல பிரிச்சுப் பாக்க முடியல.

சார்ட் என்ன? வெள்ளை மேல கறுப்பு எழுத்து, பின்னாடி விளக்கு. உலகம் அந்த மாதிரியா இருக்கு? எங்க வீட்டு உலகம் அரிசியில கிடக்குற வெள்ளைக் கல்லு. உளுத்தம்பருப்புல கிடக்குற உடைச்ச அரிசி. ரவையில நெளியுற புழு. வெள்ளையில வெள்ளை! முறத்துல அரிசியைப் பரப்பி, ஜன்னலோரம் உக்காந்து பாத்தா எல்லாம் ஒரே பால் நிறமா, மெழுகு தடவின மாதிரி தெரியுது. ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் வாயில "கடக்". அவரு ஒண்ணும் சொல்லல. கல்லை எடுத்துத் தட்டு ஓரத்துல வெச்சாரு. வெச்ச விதம்தான் சொல்லுச்சு.

இப்படி வெள்ளையில வெள்ளையைப் பிரிச்சுப் பாக்குறதை அளக்கவும் ஒரு சார்ட் இருக்குங்க. பெல்லி-ராப்சன்னு பேரு, 1988-லயே வந்துடுச்சு. எழுத்தெல்லாம் ஒரே அளவு, பெரிய பெரிய எழுத்து. ஆனா மூணு மூணா நிறம் வெளுத்துக்கிட்டே போகும், கடைசியில வெள்ளை மேல வெள்ளை மாதிரி கரைஞ்சிடும். ரெண்டாவது டாக்டர்தான் அதை வெச்சுப் பாத்தாரு. நான் எங்க நின்னேன்னு அவரு காட்டினப்போ எனக்கு ஒரு நிம்மதி. வெளிச்சம் பங்கு பிரிஞ்சா இந்தத் திறமை கொஞ்சம் குறையும், மல்டிஃபோகல்ல அது எதிர்பாக்குற விஷயம்தான்னு சொன்னாரு. நான் கற்பனை பண்ணலைன்னு ஒரு அட்டை சாட்சி சொல்லுச்சு, அது போதும்.

இதுக்கு நடுவுல எங்க தெரு பூக்காரம்மா. அவங்களுக்கும் என்னை ஒட்டியே புரை ஆபரேஷன். கண் சிகிச்சை முகாம்ல பேரு குடுத்து, பஸ்ல கூட்டிட்டுப் போய், இலவசமா சாதாரண லென்ஸ் வெச்சு அனுப்பிட்டாங்க. நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஏம்மா, ராத்திரியில லைட்டைப் பாத்தா வளையம் வளையமா தெரியுதா?"

"வளையமா? இல்லியே டீச்சரம்மா. பல்பு பல்பாத்தான் தெரியுது."

"கிட்டத்துல? பூ கட்ட கஷ்டமா இல்ல?"

"பூ கட்டக் கண்ணு எதுக்கு? கை கட்டுது. ரூபா எண்ண மட்டும் கண்ணாடி போட்டுக்குறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு லென்ஸ், ஒரே தூரம், வெளிச்சம் மொத்தமும் அந்த ஒரு தூரத்துக்கே. தூரத்துல உள்ளது சும்மா கிண்ணுன்னு தெரியும். கிட்டத்துக்குச் சாதாரண கண்ணாடி போட்டாப் போதும். விலை ஒசத்தி லென்ஸ் எல்லா வேலையையும் ஒசத்தியாச் செய்யும்னு நாம நினைச்சுக்குறோம். பூக்காரம்மாவோட இருட்டுப் பார்வை என்னோடதைவிட ஒசத்தி. அவங்க ராத்திரி எட்டரைக்கு, எதிர்வெளிச்சத்துல ரோட்டைத் தாண்டிப் போறதை நான் பொறாமையோட பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

(இந்த "சாதாரண" லென்ஸ் ஒண்ணும் சாதாரணமா கிடைச்சதில்ல. எங்க பாட்டி காலத்துல புரையை எடுத்துட்டு லென்ஸே வைக்காம விட்டுடுவாங்க, சோடாபுட்டி கண்ணாடிதான் கதி. அப்புறம் லென்ஸ் வந்தாலும் வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. மதுரையில டாக்டர் வெங்கடசாமி 1976-ல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த்தான், 1992-ல ஆரோலேப்னு ஒண்ணைத் தொடங்கி நம்ம ஊர்லயே லென்ஸ் செஞ்சு விலையை இறக்கினது. பூக்காரம்மாவுக்கு இலவசமா ஒரு லென்ஸ் கிடைக்குதுன்னா அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்கு.)

கதைன்னதும் இன்னொண்ணு. லென்ஸ் வைக்குறதையே கண்டுபுடிச்சவரு ஹரால்ட் ரிட்லி, லண்டன்ல கண் டாக்டரா இருந்தவரு. ரெண்டாம் உலகப்போர்ல விமானத்தோட பிளாஸ்டிக் மூடி உடைஞ்சு, துண்டுகள் விமானிங்க கண்ணுக்குள்ள போயிருக்கு. அந்தத் துண்டு கண்ணுக்குள்ளயே கிடந்தும் கண்ணு அதை எதிர்க்கலைன்னு இவரு கவனிச்சிருக்காரு. அதே வகை பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு 1949 நவம்பர்ல முதல் ஆபரேஷன். கூட இருந்த பெரிய டாக்டருங்களே திட்டித் தீர்த்தாங்களாம். எனக்குப் புடிச்ச பகுதி எதுன்னா, அந்த முதல் பேஷண்டுக்கு ஆபரேஷன் முடிஞ்சு பாத்தா பவர் கணக்கு எக்கச்சக்கமா தப்பி, பயங்கர மைனஸ்ல வந்து நின்னுச்சாம்! முதல் லென்ஸ்லயே பவர் தகராறு. மனசுக்கு ஒரு ஆறுதல்.

ஏன் ஆறுதல்னா எனக்கும் அதேதான். இவ்வளவு பெருசா இல்ல, கொஞ்சூண்டு.

ரெண்டாவது டாக்டர் "பழகிடும்"னு ஆரம்பிக்கல. "பழகுறதுக்கு முன்னாடி, சரிபண்ணக்கூடியது ஏதாவது இருக்கான்னு பாத்துடுவோம்மா"ன்னாரு. இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு ஃபீஸ் தகும். பாத்தாங்க. முதல்ல கண்ணு காய்ஞ்சிருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணீர் படலம் கெட்டுப்போறது சகஜமாம். அந்தப் படலம் சமமா இல்லைன்னா, ஏற்கெனவே பங்கு பிரிஞ்ச வெளிச்சம் இன்னும் கலங்கிப்போகும். அப்புறம் மிச்ச பவர். சிலிண்டர் பவர் கொஞ்சம் நிக்குது. சாதாரண லென்ஸ்ல கண்டுக்காம விடக்கூடிய அளவுதான், மல்டிஃபோகல் அந்த அளவைக்கூட மன்னிக்காது. விழித்திரையில நீர் கோத்திருக்கான்னு ஓசிடி ஸ்கேன் எடுத்தாங்க. இல்ல. லென்ஸ் கண்ணோட நடுவுல உக்காந்திருக்கான்னு பாத்தாங்க. உக்காந்திருக்கு.

இன்னொண்ணு இங்க முக்கியம், வேகமா படிக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. நம்ம சொந்த லென்ஸ் இருந்த பையிலதான் புது லென்ஸ் உக்காந்திருக்கு, அந்தப் பையோட பின்பக்கத்துல நாள்பட்டா ஒரு படலம் மூடலாம். சிலருக்கு மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல. யாக் லேசர்ல அதைத் திறந்துவிடுவாங்க, ரெண்டு நிமிஷ வேலை, பல பேருக்குப் பார்வை பளிச்சுன்னு ஆகிடும். ஆனா படலமே இல்லாம, ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள்லேருந்தே இந்த லென்ஸ் ஒத்துக்கலைன்னு இருந்தா, "எதுக்கும் ஒரு யாக் போட்டுப் பாப்போம்"ங்கிறதுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி யோசிக்கணும். ஏன்னா லேசர் அந்தப் பையில ஓட்டை போடுது. பிற்பாடு லென்ஸையே எடுத்துட்டு வேற வைக்கணும்னு வந்தா, ஓட்டை விழுந்த பையில அந்த வேலை ரொம்பச் சிக்கலாகிடும். மாத்துறதா இருந்தா அதையும் வருஷக்கணக்குல தள்ளிப்போடக் கூடாதாம், பை லென்ஸை இறுக்கிப் புடிச்சுக்கும். இந்த வரிசைக்கிரமம் முதல் ஆஸ்பத்திரியில என் காதுல விழவே இல்ல.

சரி, அந்தப் "பழகிடும்" முழுப் பொய்யா? இல்ல. அதுல நிஜம் இருக்கு, அதையும் சொல்லணும். மூளை ஒரே நேரத்துல வர்ற ரெண்டு பிம்பத்துல வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மத்ததை ஒதுக்கக் கத்துக்குது. போர்ச்சுகல்ல மல்டிஃபோகல் வெச்சவங்களை ஸ்கேனுக்குள்ள படுக்கவெச்சுப் பாத்திருக்காங்க. ஆரம்ப வாரங்கள்ல, கஷ்டமான வேலையைச் செய்யறப்போ ஒளிருற மூளைப் பகுதிகள் எல்லாம் கூடுதலா வேலை செஞ்சுது, ஆறு மாசத்துல அது தணிஞ்சுடுச்சாம். எனக்கும் இப்ப உள்வளையம் மங்கிப்போச்சு. வெளிவளையம் இருக்கு, முதல் மாசத்து ஆட்டம் இல்ல. பெரும்பாலானவங்களுக்கு மூணுலேருந்து ஆறு மாசத்துல தொந்தரவு குறையுதுன்னும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகுதுன்னும், கொஞ்சப் பேருக்குக் கடைசி வரைக்கும் பழகுறதே இல்லைன்னும் டாக்டர் ஒளிவுமறைவு இல்லாம சொன்னாரு. கடைசி வகைக்குத்தான் லென்ஸை மாத்துறது.

என் பாடு இருக்கட்டும், நான் என்னென்ன பண்ணிப் பாத்தேன்னு கேளுங்க.

பிளாட்பாரத்துல விக்கிற மஞ்சள் "நைட் டிரைவிங்" கண்ணாடி வாங்கினேன். வளையம் வெள்ளையிலேருந்து மஞ்சளாச்சு. அவ்வளவுதான். இருக்குற வெளிச்சத்தையும் அது கொஞ்சம் சாப்பிட்டுடுது. இப்ப அதைப் பேரன் போட்டுக்கிட்டு வில்லனா நடிக்கிறான்.

ஹெல்மெட் வைசர். இதை யாருமே சொல்லல! ஒரு நாள் சும்மா வைசரைத் தூக்கிட்டு ஓட்டிப் பாத்தேன், கோடு கோடாக் கிளம்புனதுல பாதி காணோம். கழட்டி வெயில்ல புடிச்சுப் பாத்தா, வருஷக்கணக்குல முந்தானையால தொடைச்ச கீறல், வட்ட வட்டமா. லென்ஸ்ல ஒரு வட்டம், வைசர்ல ஒரு வட்டம், எப்படி உருப்படும்? புது வைசர் மாத்தினேன். லென்ஸுக்குக் குடுத்த லட்சத்தைவிட இந்த முன்னூத்திச் சொச்சம் ரூபா அன்னிக்குக் குடுத்த திருப்தி ஜாஸ்தி.

சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீர், சொன்ன நேரத்துக்கு விடாம போட்டேன். காலையில எழுந்ததும் இருந்த மெழுகுப் பார்வை கணிசமா தெளிஞ்சுது. (ராத்திரி பாப்பா விரியாம இருக்கவும் சிலருக்கு ஒரு சொட்டு எழுதிக் குடுப்பாங்களாம். டாக்டர் எழுதினா மட்டும். பக்கத்து வீட்டுல மிச்சம் இருக்குன்னு கடன் வாங்காதீங்க.)

லைட். டிவி பாக்குறப்போ ரூம் லைட்டை அணைக்குறதை நிறுத்தினேன். படிக்கிறப்போ தலைக்குப் பின்னாடியிலேருந்து விளக்கு. அரிசி பாக்க முறத்துக்குப் பதிலா கறுப்புத் தட்டு, கல்லு மாட்டிக்கிச்சு! ஹோட்டல்ல அந்த மங்கல் மஞ்சள் வெளிச்சத்துல மெனு கார்டு மட்டும் இன்னும் முடியல. அங்க செல்போன் டார்ச்தான். மக தலையில அடிச்சுக்குறா.

கடைசியா, சிரிக்காதீங்க, கண்ணாடி. ஆமா. "கண்ணாடியே வேண்டாம்"னு லட்ச ரூபா லென்ஸ் வெச்ச கண்ணுக்கு, அந்தச் சின்ன சிலிண்டருக்காக ராத்திரி வண்டி ஓட்ட ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்தாரு. போட்டதும் விளக்கு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்துச்சு. மூக்குப் பள்ளம் ரெண்டும் பழைய ஆள் வந்துட்டாருன்னு சந்தோஷப்பட்டிருக்கும்.

இப்ப இடது கண்ணு வரிசையில நிக்குது. இங்கதான் ஆளாளுக்கு ஒரு கட்சி. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி மல்டிஃபோகல் இருந்தாத்தான் மூளை சேர்த்து வெச்சு நல்லாப் பழகும்னு ஒரு கட்சி. முதல் கண்ணுல இவ்வளவு புகார் இருக்குறப்போ ரெண்டாவதுக்கு அவசரப்படாம நிதானமாப் பாக்கணும், தூரத்துக்கு மட்டும் சாதாரண லென்ஸ் வெச்சு ராத்திரியை அந்தக் கண்ணு பாத்துக்கட்டும்னு இன்னொரு கட்சி. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. நான் ரெண்டாவது கட்சி. எனக்கு வலது கண்ணு பேப்பர் படிச்சுக் குடுக்கும், இடது கண்ணு காவிரிப் பாலம் தாண்டிவிடும்.

கவுன்சிலிங் ரூமுக்குத் திரும்பப் போனேன். இந்தத் தடவை அட்டையைப் பொண்ணு திறக்குறதுக்கு முன்னாடி நான் பேச ஆரம்பிச்சேன். ராத்திரியில வண்டி ஓட்டுவேன், அரிசியில கல்லு பாப்பேன், கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி நீள நீளமா எழுதுவேன். இந்த மூணுல எதை விடணும்னு ஒவ்வொரு லென்ஸுக்கும் சொல்லுங்கன்னேன். பொண்ணு கொஞ்சம் முழிச்சுது, அப்புறம் டாக்டரையே கூப்பிட்டுடுச்சு. நல்ல பொண்ணு.

உண்மையில இந்தக் கேள்வியை அவங்கதான் கேட்டிருக்கணும். வெளிநாட்டுல சில டாக்டருங்க ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு படிவம் குடுப்பாங்களாம். ராத்திரி எவ்வளவு ஓட்டுவீங்க, எதுக்குக் கண்ணாடி போட்டாப் பரவாயில்ல, எல்லாம் கேட்டுட்டு, கடைசியில ஒரு கோடு. ஒரு முனையில "எதையும் பெருசா எடுத்துக்காத ஆளு", மறுமுனையில "எல்லாம் கச்சிதமா இருந்தே ஆகணும்ங்கிற ஆளு". நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒரு குறி போடணும். கச்சிதப் பேர்வழிகளுக்கு மல்டிஃபோகல் வைக்க டாக்டருங்க யோசிப்பாங்க. எனக்குக் குடுத்திருந்தா எங்க போட்டிருப்பேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்.

"கோடு பத்தாது, பேப்பரை விட்டு வெளிய போயிருப்பே"ன்னாரு.

கண்ணுல சர்க்கரை பாதிப்பு, கண் அழுத்தம், விழித்திரைக் கோளாறு உள்ளவங்க இன்னும் கூடுதலா விசாரிக்கணும். அவங்களுக்கு ஏற்கெனவே வெளுத்த நிறம் பிரிச்சுப் பாக்குற திறமை குறைவா இருக்கும், மல்டிஃபோகல் அதுல மேற்கொண்டு கையை வைக்கும். அதே சமயம், ராத்திரியில வெளியவே போகாத, நாள் முழுக்கப் புஸ்தகமும் போனுமா இருக்குற என் சிநேகிதி ஒருத்தி ரெண்டு கண்ணுலயும் மல்டிஃபோகல் வெச்சுக்கிட்டு ராணி மாதிரி இருக்கா. வளையமான்னு கேட்டா, "கார்த்திகைக்கு ஒரு விளக்கு ஏத்தினா ரெண்டு விளக்கு புண்ணியம்டி"ங்கிறா. அவளுக்கு அது சரியான லென்ஸ். நடுவாந்தரமா ஈடாஃப்னு ஒண்ணு இருக்கு, பொதுவா வளையம் கம்மி, ஆனா பொடி எழுத்துக்குக் கண்ணாடி எடுக்கவேண்டி வரும். ரெண்டு கண்ணுலயும் சாதாரண லென்ஸே வெச்சு, ஒண்ணைத் தூரத்துக்கும் இன்னொண்ணைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் பவர் மாத்தி வைக்கிற வழியும் இருக்கு. செலவும் கம்மி. அட்டையில அதுக்குக் கட்டமே இல்ல, நாமளாக் கேட்டாத்தான் உண்டு.

ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் பண்றப்போ லென்ஸோட ஸ்டிக்கர் ஒட்டின ஒரு சின்ன அட்டை குடுப்பாங்க. லென்ஸ் பேரு, பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கும். ரெண்டாவது டாக்டர் என்கிட்ட முதல்ல கேட்டதே அதைத்தான். வீட்டுக்குள்ள அந்த அட்டை எங்க இருக்குன்னு தேடி எடுத்து ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்குங்க. எங்க வீட்டுல அது ரெண்டு நாள் தேடினதுக்கு அப்புறம் கேஸ் புக்குக்குள்ளேருந்து கிடைச்சுது. யாரு வெச்சாங்கன்னு இன்னும் விசாரணை நடந்துக்கிட்டிருக்கு.